இன்காக்களின் புனிதப் பள்ளத்தாக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரு நாட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் மச்சு பிச்சுவைப் பார்க்கத்தான் போகிறார்கள். ஸ்பானியர்கள் வருவதற்கு முன் ஆண்டிஸ் மலையை ஆண்ட இன்காக்கள் கட்டிய மலை நகரம் அது. போகும் வழியில்தான் இன்காக்களின் புனிதப் பள்ளத்தாக்கு என்று சொல்லப்படும் உருபாம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. ரயில் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். போய்வந்த பிறகு நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளையும், போகும் முன் நானே தேடிக்கொண்டிருந்த கேள்விகளையும் ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

இந்தப் பள்ளத்தாக்கு சரியாக எங்கே இருக்கிறது?

தெற்கு பெருவில், இன்காக்களின் தலைநகராக இருந்த குஸ்கோ நகருக்கு வடக்கே. கிழக்கில் பிசாக், மேற்கில் ஒயாந்தைதம்போ, நடுவில் கால்கா, யுகாய், உருபாம்பா என்று ஆற்றங்கரையோரம் வரிசையாக ஊர்கள். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் சுமார் 60 கி.மீ. ஊர்கள் எல்லாம் கடல்மட்டத்திலிருந்து 2,800 முதல் 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. குஸ்கோ 3,400 மீட்டர். அதனால் குஸ்கோவிலிருந்து வருகிறவர்கள் பள்ளத்தாக்குக்குள் *இறங்கி* வருகிறார்கள், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

ஆற்றுக்கு ஏன் இரண்டு பெயர்? எதனால் புனிதம்?

மேல்பகுதியில் வில்கனோட்டா, கீழே வரவர உருபாம்பா. லா ராயா கணவாய்ப் பக்கம் பிறந்து, வடமேற்காக ஓடி, மச்சு பிச்சு நிற்கும் மலையைச் சுற்றி வளைந்து, காட்டுக்குள் இறங்கி, தம்போ ஆற்றோடு சேர்ந்து உகயாலி ஆகி, கடைசியில் அமேசானில் கலக்கிறது. இங்குள்ள மலைமக்கள் பேசும் கெச்சுவா மொழியில் இதற்கு வில்காமாயு என்று பெயர். வில்கா என்றால் புனிதம், மாயு என்றால் ஆறு.

"புனிதப் பள்ளத்தாக்கு" என்ற பெயர் 20ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. பழைய ஸ்பானிய ஆவணங்களில் இது யுகாய் பள்ளத்தாக்கு. பெயர் புதிது என்றாலும் நம்பிக்கை பழையது. வானத்தில் தெரியும் பால்வீதியையும் கெச்சுவா பேசும் மக்கள் மாயு, ஆறு, என்றே சொல்கிறார்கள். மேலே ஓடும் ஆற்றின் நிழல்தான் கீழே ஓடும் ஆறு. மராஸ் பக்கத்தில் உள்ள மிஸ்மினாய் கிராமத்தில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் கேரி அர்ட்டன் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். நாம் நட்சத்திரங்களைப் புள்ளிகளாக வைத்து உருவம் வரைகிறோம் அல்லவா, இவர்கள் பால்வீதியில் ஒளி இல்லாமல் கருப்பாகத் தெரியும் திட்டுகளைப் பார்த்து லாமா (ஒட்டக இனத்து மலை விலங்கு), குட்டி லாமா, பாம்பு, தேரை, நரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பனிக்காலத்தில் தெளிந்த இரவில் அண்ணாந்து பார்த்தால் லாமாவின் நீண்ட கழுத்து உண்மையாகவே தெரியும்.

பரந்த ஆண்டிஸ் மலையில் இன்காக்கள் இந்த இடத்தை ஏன் பிடித்துக்கொண்டார்கள்?

சோளம்தான் காரணம். குஸ்கோவின் உயரத்தில் குளிர் அதிகம், பனி விழுந்தால் பயிர் கருகும். நானூறு, ஐந்நூறு மீட்டர் கீழே இறங்கினால் மக்காச்சோளம் செழிப்பாக வரும். இன்கா அரசில் சோளம் வெறும் சாப்பாடு கிடையாது. அதை முளைகட்டிக் காய்ச்சிப் புளிக்கவைக்கும் சிச்சா என்ற பானம் இல்லாமல் ஒரு விழா நடக்காது, வேலைக்கு வந்த ஆட்களுக்கு அரசன் சிச்சா ஊற்றி உபசரிக்கவில்லை என்றால் அவன் அரசனே கிடையாது. ஆக, சோளம் விளையும் நிலம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் அதிகாரம்.

அதனால்தான் அரசர்கள் ஒவ்வொருவராக இங்கே சொந்தப் பண்ணை அமைத்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் பேரரசை விரித்த பச்சாகுட்டெக் பிசாக்கையும் ஒயாந்தைதம்போவையும் எடுத்துக்கொண்டார், மச்சு பிச்சுவும் அவருடையது என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அவர் மகன் துபாக் இன்கா மேலே சின்செரோவில் கட்டினார். பேரன் வைனா காபாக்குக்கு யுகாய், உருபாம்பா பகுதி. பண்ணை அரசருடைய தனிச்சொத்து. அவர் இறந்த பிறகும் அடுத்து பட்டத்துக்கு வருகிறவருக்குப் போகாது, இறந்தவரின் குடும்பத்தாரே அவருடைய பதப்படுத்திய உடலுக்குப் பணிவிடை செய்துகொண்டு நிலத்தையும் ஆள்வார்கள். புது அரசர் தனக்கென்று புது நிலம் தேட வேண்டும். இத்தனை அரண்மனை ஒரே ஆற்றங்கரையில் வந்ததற்கு இந்த வழக்கம் ஒரு முக்கியக் காரணம்.

இன்றைக்கும் இந்தப் பள்ளத்தாக்கின் வெள்ளைச் சோளம் பேர்போனது. ஒவ்வொரு மணியும் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருக்கும். சாலையோரம் பெரிய பானையில் வேகவைத்து, ஒரு துண்டு பாலாடைக்கட்டியோடு இலையில் சுற்றிக் கையில் கொடுப்பார்கள்.

மலை முழுக்கப் படிக்கட்டு போல வயல் வெட்டியிருக்கிறார்களே, அதில் அப்படி என்ன பெரிய விஷயம்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கோயில் கற்களை எல்லாரும் படம் எடுக்கிறார்கள், ஆனால் இன்காக்களின் பெரிய சாதனை என்று என்னைக் கேட்டால் இந்த வயல்களைத்தான் சொல்வேன்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கல் சுவர், அதன் மேல் மண், அவ்வளவுதான் என்று தோன்றும். உள்ளே அப்படி இல்லை. அடியில் பெரிய கற்கள், அதற்கு மேல் சிறு கற்கள், அதற்கு மேல் சரளை, மணல், எல்லாவற்றுக்கும் மேலே நல்ல மண். அந்த மேல்மண்ணைப் பல இடங்களில் ஆற்றங்கரையிலிருந்து சுமந்து கொண்டுவந்து கொட்டியிருக்கிறார்கள். மழை கொட்டினால் நீர் தேங்காமல் அடுக்கு அடுக்காக வடிந்து இறங்கும், சுவர் மண்ணின் பாரம் தாங்காமல் பிதுங்காது. சுவர் நேராக நிற்காமல் மலைப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். பகலில் கல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி மெல்ல விடும், அதனால் வேர் பனியில் உறைவது குறையும். மேலே பனிமலை ஊற்றுகளிலிருந்து வரும் வாய்க்கால் நீர், ஒரு தளத்தை நனைத்துவிட்டு அடுத்த தளத்துக்கு இறங்க, சுவரிலேயே செங்குத்தான பள்ளம் விட்டிருக்கிறார்கள். ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற, சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று நான்கு கற்களே படி. தனியாகப் படிக்கட்டு கட்டினால் அந்த அளவுக்கு விளைநிலம் போய்விடும் அல்லவா!

பிசாக்கில் மலையின் வளைவுக்கு ஏற்ப இந்தச் சுவர்களும் வளைந்து வளைந்து போவதைக் கீழே ஊரிலிருந்தே பார்க்கலாம். இரும்புக் கருவி கிடையாது, வண்டிச் சக்கரம் கிடையாது, ஏர் இழுக்க மாடு கிடையாது. காலால் மிதித்து மண்ணைப் புரட்டும் சக்கித்தாக்யா என்ற கால்கலப்பைதான், அதை இப்போதும் மேல்மலைக் கிராமங்களில் பயன்படுத்துகிறார்கள்.

ஆற்றையே திருப்பிவிட்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. பிசாக் பக்கத்தில் ஆறு சுமார் 3 கி.மீ. தூரத்துக்கு அளவுகோல் வைத்து இழுத்தது போல நேராக ஓடும். மலையாறு தானாக அப்படி ஓடாது. இருபுறமும் கல் கரை கட்டி நேராக்கியிருக்கிறார்கள். வளைந்து நெளிந்து வயலை அரித்துக்கொண்டிருந்த ஆற்றை ஒதுக்கி, மீட்ட நிலத்தில் சோளம் போட்டார்கள். வைனா காபாக்கும் தன் யுகாய்ப் பண்ணைக்காக ஆற்றின் போக்கை மாற்றினார் என்று ஸ்பானியர் காலத்துக் குறிப்புகள் சொல்கின்றன.

ஒயாந்தைதம்போ கோயிலில் வரிசையாக நிற்கும் ஆறு (6) பெரிய கற்கள் எங்கிருந்து வந்தன?

ஆற்றுக்கு அந்தப் பக்கம், சுமார் 5 கி.மீ. தள்ளி, கச்சிகாட்டா என்ற மலைச்சரிவிலிருந்து. இளஞ்சிவப்பு நிற ரயோலைட் என்ற எரிமலைக் கல். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு ஆள் உயரம், பல பத்து டன் எடை.

கட்டடக் கலைப் பேராசிரியர் ழான்-பியேர் புரோட்சன் 1980களில் இந்த இடத்தை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். கெட்டியான கூழாங்கல்லால் கொத்திக் கொத்தியே கல்லுக்கு வடிவம் கொடுத்ததை அவரே செய்து பார்த்துக் காட்டினார். கல்லைச் சரிவில் இறக்கி, தண்ணீர் குறைந்த மாதங்களில் ஆற்றைக் கடத்தி, இந்தப் பக்கம் கட்டிய நீண்ட சாய்தளத்தில் கயிறு கட்டி ஆட்கள் இழுத்து ஏற்றியிருக்கிறார்கள். அந்தச் சாய்தளம் இன்னும் இருக்கிறது. வழியில் பாதியில் விட்ட கற்களும் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் "களைத்துப்போன கற்கள்". நடந்து நடந்து களைத்து உட்கார்ந்துவிட்டனவாம்.

மேலே ஏறிப் போனால் இரண்டு விஷயத்தைக் கிட்டே நின்று பாருங்கள். ஒன்று, ஆறு பெரிய கற்களுக்கும் நடுநடுவே ஒல்லியான கல் பட்டைகள் சொருகியிருக்கும், புத்தகங்களுக்கு நடுவே செருகிய அட்டை மாதிரி. இன்னொன்று, ஒரு கல்லின் முகத்தில் படிக்கட்டு வடிவம் லேசாகப் புடைத்துத் தெரியும். பெரும்பகுதி சிதைந்துவிட்டது, வெயில் சாய்ந்து விழும் நேரத்தில்தான் கோடுகள் எழும்பி வரும். கீழே சிதறிக் கிடக்கும் கற்கள் சிலவற்றில் T வடிவக் குழி இருப்பதையும் பார்க்கலாம், இரண்டு கற்களைப் பிணைக்க வெட்டியவை. கோயில் கட்டி முடிக்கப்படவில்லை. முடியாமல் நின்றதால்தான் எப்படிக் கட்டினார்கள் என்று நமக்குத் தெரிகிறது.

வேற்றுக்கிரகத்துக்காரர்கள் வந்து கட்டினார்கள் என்கிறார்களே?

இல்லை. கல் வெட்டிய இடம் இருக்கிறது, கொத்திய கற்கள் இருக்கின்றன, இழுத்த தடம் இருக்கிறது, பாதியில் விட்ட கல் இருக்கிறது. வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அதே ஊரில் குடியிருக்கிறார்கள். அவர்கள் முன்னோரின் உழைப்பை எடுத்து வேறு யாருக்கோ கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இங்கே ஸ்பானியர்கள் தோற்ற போர் நடந்ததாமே?

ஆமாம், 1537 ஜனவரியில். 1532இல் ஸ்பானியர்கள் இன்கா அரசர் அதாவல்பாவைப் பிடித்து, மறு ஆண்டு கொன்றார்கள். பிறகு அவர்களே பட்டம் கட்டிவைத்த மான்கோ இன்கா, அவமானங்களைத் தாங்காமல் 1536இல் திரும்பி எழுந்து குஸ்கோவை முற்றுகையிட்டார். அவரைப் பிடிக்க ஸ்பானியத் தளபதி எர்னாந்தோ பிசாரோ படையோடு ஒயாந்தைதம்போவுக்கு வந்தார். மேலே படிவயல்களிலிருந்து கல்லும் அம்பும் மழையாகப் பொழிய, மான்கோ இன்கா வாய்க்கால்களைத் திறந்துவிட்டார். கீழே சமவெளி முழுக்கத் தண்ணீர் ஏறியது. குதிரைகள்தான் ஸ்பானியர்களின் பலம், அந்தக் குதிரைகள் சேற்றில் சிக்கின. பிசாரோ இரவோடு இரவாகப் பின்வாங்கினார். பயிருக்காக வெட்டிய வாய்க்கால் அன்றைக்கு ஊரைக் காப்பாற்றியது.

ஆனால் குஸ்கோ மிக அருகில் இருந்ததால் அங்கேயே நிலைக்க முடியவில்லை. அதே ஆண்டில் மான்கோ இன்கா காட்டுக்குள் வில்கபாம்பாவுக்குப் போனார். அந்தச் சிறு அரசு 1572 வரை தாக்குப்பிடித்தது. அந்த ஆண்டு கடைசி இன்கா அரசர் துபாக் அமாருவைக் குஸ்கோ சதுக்கத்தில் தலை வெட்டிக் கொன்றார்கள்.

மராஸ் ஊருக்கு அருகே மோராயில் உள்ள வட்டப் பள்ளங்கள் என்ன? விவசாய ஆராய்ச்சிக் கூடமா?

வட்டத்துக்குள் வட்டமாக இறங்கும் படிவயல், பெரிய பள்ளம் சுமார் 30 மீட்டர் ஆழம். மேலே ஒரு தட்பவெப்பம், அடியில் வேறொன்று. அதை வைத்து வெவ்வேறு பயிர்களைப் பழக்கினார்கள் என்று ஜான் எர்ல்ஸ் என்ற ஆய்வாளர் சொன்னார். வழிகாட்டிகள் அதை முடிந்த முடிவாகவே சொல்வார்கள். எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை, சடங்குக்கான இடம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு வியப்பு வேறு: கிண்ணம் மாதிரியான பள்ளம், மழை பெய்தாலும் அடியில் குளமாகத் தேங்குவதில்லை.

மராஸ் உப்பளம் இன்காக்கள் கட்டியதா?

அவர்களுக்கும் முந்தியது என்றே கருதப்படுகிறது. மலைக்குள்ளிருந்து வரும் ஒரு சிறிய ஊற்று, கை அகலம்தான், வாயில் வைத்தால் கடல்நீரைவிடக் கரிக்கும். அந்த ஒரே ஊற்றை வாய்க்கால் வழியாகப் பிரித்து, சரிவில் 3,000க்கும் மேற்பட்ட சிறு பாத்திகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். வெயிலில் வற்றி உப்பு பூத்ததும் வாரி எடுக்கிறார்கள். பாத்திகள் மராஸ், பிச்சிங்கோட்டோ ஊர்க் குடும்பங்களுக்குச் சொந்தம். இப்போது பார்வையாளர்கள் பாத்திகளுக்குள் நடக்க அனுமதி இல்லை, மேலிருந்து பார்க்கலாம். சாப்பிடும் உப்பில் செருப்புக்கால் படுவது நிற்க வேண்டியதுதான்.

எழுத்தே இல்லாமல் இவ்வளவு பெரிய நிர்வாகத்தை எப்படி நடத்தினார்கள்?

கீப்பு என்ற முடிச்சுக் கயிறுகளால். ஒரு தாய்க்கயிற்றிலிருந்து பல கயிறுகள் தொங்கும். முடிச்சின் வகையும் இடமும் எண்ணைக் குறிக்கும். எத்தனை மூட்டை சோளம், எத்தனை ஆள் வேலைக்கு வந்தார்கள் என்பதெல்லாம் அதில். ஒயாந்தைதம்போவுக்கு எதிரே பிங்குயுயுனா மலையில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும் களஞ்சியங்களைப் பார்த்தால் இந்தக் கணக்கு ஏன் தேவைப்பட்டது என்று புரியும். காற்று வீசும் சரிவில் கட்டியதால் தானியம் பல காலம் கெடாது.

இன்காக்கள் அழிந்துவிட்டார்கள்தானே?

அரசு அழிந்தது, மக்கள் அழியவில்லை. இப்பகுதியில் வீட்டிலும் வயலிலும் கெச்சுவா பேசுகிறார்கள். ஒயாந்தைதம்போவின் பழைய தெருக்களில் இன்கா காலத்து முற்றம் வைத்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. காலையில் சீக்கிரம் எழுந்து அந்தத் தெருக்களில் நடந்தால் காலடியில் கல் வாய்க்காலில் சலசலவென்று தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பெண்மணி வாசலில் குனிந்து அதில் கீரை அலசிக்கொண்டிருந்தார், அவருக்குப் பின்னால் இருந்த கதவுநிலை மேலே குறுகிக் கீழே அகன்ற, இன்கா காலத்துக் கல் நிலை. அந்தக் காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது.

சின்செரோவில் பெண்கள் ஆட்டு ரோமத்தையும், லாமாவுக்கு உறவான அல்பாகாவின் ரோமத்தையும் கையால் நூற்று, சப்பாத்திக்கள்ளியில் வளரும் பூச்சியை நசுக்கிச் சிவப்புச் சாயம் எடுத்து, இடுப்பில் கட்டிய தறியில் நெய்கிறார்கள்.

அப்புறம், உருளைக்கிழங்கு. நம் வீட்டு மசாலா தோசைக்குள் இருக்கும் கிழங்கின் பூர்வீகம் ஆண்டிஸ் மலைதான். பிசாக்குக்கு மேலே சில கெச்சுவா கிராமங்கள் சேர்ந்து "உருளைக்கிழங்குப் பூங்கா" என்று நிலத்தைப் பொதுவில் வைத்து 1,300க்கும் அதிகமான ரகங்களைக் காக்கின்றன. ஊதா, கருப்பு, அன்னாசி போலக் கண்கள் நிறைந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். லிமாவில் உள்ள சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தோடு 2004இல் ஒப்பந்தம் போட்டு, தங்களிடம் அற்றுப்போன ரகங்களைத் திரும்ப வாங்கினார்கள். வெப்பம் கூடிக்கொண்டே போவதால் நடவு வருடா வருடம் மேலே மேலே ஏறுகிறது. மலைக்கு உச்சி என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு மேல் எங்கே போவார்கள் என்ற கவலை உண்மையானது.

பாழடைந்த வயல்களையும் வாய்க்கால்களையும் மீண்டும் உயிர்ப்பிக்க முடியுமா?

முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஆன் கெண்டல் என்ற தொல்லியலாளர் 1970களின் கடைசியில் குசிச்சாக்கா பகுதியில் அகழாய்வு தொடங்கி, அதோடு நிற்காமல் கிராமத்தாரோடு சேர்ந்து இன்கா வாய்க்கால்களைச் சீர்செய்து தண்ணீர் விட்டார். பிறகு ஒயாந்தைதம்போவுக்கு மேலே பத்தகஞ்சா பள்ளத்தாக்கிலும் அதே வேலை. சிமென்ட் பூசவில்லை. நிலநடுக்கத்தில் சிமென்ட் விரிசல் விடும், களிமண்ணும் கல்லும் இளகிக் கொடுக்கும். தொல்லியல் என்றால் வேலி போட்டுப் பூட்டுவது மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

எப்போது போகலாம்? எத்தனை நாள் வேண்டும்?

மே முதல் செப்டம்பர் வரை மழை மிகக் குறைவு. ஜனவரி, பிப்ரவரியில் கனமழை. 2010 ஜனவரியில் ஆறு பெருகி ரயில்பாதையை அடித்துக்கொண்டு போனது, மச்சு பிச்சுவின் அடிவாரத்தில் சிக்கிய ஆயிரக்கணக்கான பயணிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள்.

மேலே சொன்ன உயரக் கணக்கு இங்கே உதவும். விமானத்தில் குஸ்கோவில் இறங்கியதும் அங்கே தங்காமல் நேராகப் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிடுங்கள். தலைவலி, மூச்சு வாங்குவது குறையும். முதல் நாள் ஓடியாடாதீர்கள், தண்ணீர் நிறைய குடியுங்கள். குறைந்தது மூன்று இரவு வையுங்கள். பிசாக், ஒயாந்தைதம்போ, சின்செரோ, மோராய் நான்குக்கும் குஸ்கோவின் பொதுச் சுற்றுலாச் சீட்டு செல்லும். மராஸ் உப்பளத்துக்கும் மச்சு பிச்சுவுக்கும் தனிச்சீட்டு.

சின்செரோவில் விமான நிலையம் வருகிறதாமே, நல்லதுதானே?

பயணிகளுக்கு வசதிதான். குஸ்கோ விமான நிலையத்தில் நெரிசல் என்பதும் உண்மை, வேலை கிடைக்கும் என்று வரவேற்கும் உள்ளூர்க்காரர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் நான் எதிர்ப்பவர்கள் பக்கம்தான். 2019இல் மண் வேலை தொடங்கியபோது பெருவிலும் வெளியிலும் உள்ள தொல்லியல், வரலாற்று அறிஞர்கள் வேறு இடம் பாருங்கள் என்று குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். துபாக் இன்கா கட்டிய ஊர், அவர் போட்ட படிவயல், குஸ்கோ நகரின் குடிநீருக்குப் பெரும்பங்கு கொடுக்கும் பியுராய் ஏரி எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. ஓடுபாதைக்காகத் தோண்டிய மண்ணை இனித் திரும்பப் போட முடியாது.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, எங்கே போவது?

ஒயாந்தைதம்போ. முந்தின நாள் மாலையே போய் ஊருக்குள் தங்குங்கள். பகல் பேருந்துகள் வந்து சேரும் முன், கதவு திறந்த உடனே கோயிலுக்கு ஏறி ஆறு கற்களைப் பார்த்துவிடுங்கள். வெயில் ஏறியதும் இறங்கி வந்து, எதிரே களஞ்சிய மலையில் ஏறுங்கள். அதற்குச் சீட்டு வாங்க வேண்டாம், பாதை மட்டும் செங்குத்து. அங்கே உட்கார்ந்து பார்த்தால் கோயில், சாய்தளம், ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கல் வெட்டிய மலை, நடுவே சோளக்கொல்லை எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.